பரீட்சைத் தண்ணீர்

விழா மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது நான் பேருந்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். "நம்ம இளம் தலைவர் பயிற்சிக்கு இது விழா வருஷம். பழைய மாணவர்கள் ஆளுக்கு ஒரு நினைவு எழுதணும். கொஞ்சம் சிரிக்கிற மாதிரி இருந்தா நல்லது" என்றார்கள். தலைப்பையும் அவர்களே வைத்துவிட்டார்கள்: 'என்னை உருவாக்கிய பயிற்சி.' அதை நான் மாற்றிவிட்டேன். சிரிப்பும் அதிகம் வரவில்லை. போட மனமிருந்தால் போடுங்கள்.

என்னோடு அந்த மாடி ஹாலில் உட்கார்ந்திருந்தவர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நமக்கொன்றும் கிழட்டு வயசாகிவிடவில்லை. ஆனாலும் அந்த வருஷத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் என் குரல் எனக்கே ஒரு கிழவனுடையது போலக் கேட்கிறது. கோபம் ஆளைச் சீக்கிரம் முதுமையாக்கிவிடும் போல.

மண்டி மொஹல்லாவில் அந்தக் கல்யாண மண்டபம் ஞாபகம் இருக்கிறதா? கீழே காய்ந்த மிளகாய் மண்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில் மூட்டை இறக்குவார்கள். காரம் படியேறி வரும். நெஞ்சில் கை வைத்து 'நான் ஒரு தலைவன், என் சமூகத்துக்கு நான் பொறுப்பு' என்று உறுதிமொழி சொல்லும்போது பாதிப்பேர் தும்மிக்கொண்டிருப்போம். பயிற்சி ஸாரும் தும்முவார். கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு, "தலைவனுக்குத் தும்மல் வரலாம், தயக்கம் வரக் கூடாது" என்பார். எல்லாரும் சிரிப்போம்.

அவர் நம்மை 'லீடர்' என்றுதான் கூப்பிடுவார். "லீடர், ஜன்னலைச் சாத்துங்க." "லீடர், மூக்கைத் துடைங்க." வீட்டில் 'ஏண்டா', பள்ளிக்கூடத்தில் வெறும் 'ஏய்' என்று கேட்டுப் பழகிய எனக்கு அந்தச் சொல் கேட்டு முதுகு நிமிர்ந்தது நிஜம். அதை மறுக்க மாட்டேன். மஞ்சள் ரிப்பன் பேட்ஜைக் குத்திக்கொண்டு வீட்டுக்குப் போன முதல் நாள், சென்டரிங் பலகை சுமந்துவிட்டு வந்திருந்த அப்பா அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "லீடருன்னா தினக்கூலி எவ்வளவுன்னு கேட்டியாடா?"

ஹாலில் இரண்டு வகைப் பிள்ளைகள் இருந்தோம். ஷூ போட்டவர்கள், செருப்புப் போட்டவர்கள். மண்டபத்துக்காரர் மொசைக் தரை அழுக்காகிறதென்று செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வரச் சொல்வார். ஷூவுக்கு அந்தச் சட்டம் இல்லை. அதனால் ஒரு கூட்டம் டக் டக்கென்று படியேறும், இன்னொரு கூட்டம் சத்தமில்லாமல் ஏறும். செருப்புக் கூட்டம் என்பது எங்கள் காலனியிலிருந்து வந்த கொஞ்சம் பேர். ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்க் கிராமங்களிலிருந்து இந்தக் கன்னட ஊருக்குக் கட்டட வேலைக்கு வந்து, ரயில்வே குவார்ட்டர்ஸ் காம்பவுண்டுக்குப் பின்னால் குடியேறியவர்களின் பிள்ளைகள். 'எல்லாத் தரப்பும் இருக்கணும்' என்று பயிற்சி ஸார் எங்கள் அரசுப் பள்ளிக்கு வந்து தேர்ந்தெடுத்தார். அவரும் தமிழர்தான், அப்பா காலத்திலேயே ரயில்வே உத்தியோகத்துக்கு வந்த குடும்பம். நல்ல மனுஷர். இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கெட்ட மனுஷராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வராது.

அவர் தேர்ந்தெடுத்தவர்களில் முதல் ஆள் என் அக்கா. எங்கள் காலனியிலேயே பத்தாம் வகுப்பை எட்டிய முதல் பெண். கை குலுக்கும் பயிற்சியில் ஸார் அவள் கையைப் பிடித்துவிட்டு ஆச்சரியப்பட்டார். "பாருங்க, இதுதான் லீடர் பிடி! என்ன உறுதி!" ஷூ போட்ட பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். குடத்தின் கழுத்தைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை அது. யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. அவளுக்கே தோன்றவில்லை. சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

இப்போது தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் மற்றது புரியாது.

காலனி முழுவதற்கும் ஒரே குழாய். தண்ணீர் வரும் நேரம் காலை பத்து மணி. பள்ளிக்கூடத்து மணி அடிப்பதும் பத்துக்கு. அப்பா அம்மாக்கள் எட்டுக்கெல்லாம் கூலி வேலை கேட்டு நாற்சந்திச் சர்க்கிளில் போய் நின்றாக வேண்டும். அப்படியானால் தண்ணீர் பிடிப்பது யார்? வீட்டின் பெரிய பெண். எங்கள் காலனிப் பெண் பிள்ளைகள் ஆறாவது, ஏழாவதோடு நின்றதற்குப் படிப்பு ஏறாதது காரணமில்லை. அந்தப் பத்து மணிதான் காரணம். நெயில் பாலிஷால் பெயர் எழுதிய பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நிற்கும். அந்தப் பெயர்களை எழுதியவர்கள் அதற்குமேல் அதிகம் எழுதியதில்லை.

அக்கா மட்டும் எப்படிப் பத்தாவது வரைக்கும் வந்தாள்? ஒன்பதாவது வரை தாமதமாகப் போய் வகுப்பு வாசலில் நின்று நின்றே தேறினாள்; பத்தாவதில் கைகொடுத்தவர் வால்வ்மேன். தெருக் குழாய்களுக்குத் தண்ணீர் திறக்கும் நீளமான இரும்புச் சாவியை சைக்கிள் பாரில் கட்டிக்கொண்டு வருகிற கன்னடக்காரர். எங்கள் காலனியில் யார் வீட்டிலாவது பிள்ளை எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிற வருஷமென்றால், தசராவுக்குப் பிறகு பரீட்சை முடியும்வரை அவர் விடிந்ததும் வந்து ஒரு கால் சுற்றுத் திருகி எங்கள் லைனுக்குக் கொஞ்சம் தண்ணீர் விடுவார். யாரும் உத்தரவு போட்டதில்லை. யாரும் மனு கொடுத்ததில்லை. அம்மா ஒரு டம்ளர் டீ கொண்டுபோய்க் கொடுப்பாள். அவர் குடித்துவிட்டு, "ஆயித்தம்மா, ஆயித்து" என்று சைக்கிளை எடுப்பார். ஆச்சும்மா, ஆச்சு என்று. அவ்வளவுதான் பேச்சு. அதற்குக் காலனியில் ஒரு பேர் இருந்தது: பரீட்சைத் தண்ணி. அதுவரை இரண்டு மூன்று பையன்களுக்காக வந்தது. அந்த வருஷம் முதல்முறையாக ஒரு பெண்ணுக்காக வந்தது. ஒரு வீட்டுப் பிள்ளையின் பேரில் வந்தாலும் காலனி மொத்தமும் பிடித்துக்கொள்ளும். அதனால் அக்காவுக்கு அன்று எல்லா வீட்டிலும் மரியாதை. "நம்ம பரீட்சப் புள்ள" என்பார்கள்.

பயிற்சியில் ஒரு விளையாட்டு இருந்ததே, மறந்திருக்க மாட்டீர்கள். காகிதக் கோப்பையில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு ஹாலின் அந்தக் கோடிக்கு ஓடி வாளியில் ஊற்ற வேண்டும். எந்த அணி அதிகம் நிரப்புகிறதோ அதற்குச் சாக்லேட். 'குழு மனப்பான்மை' என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் தொடங்குவார்கள். எங்கள் அணி ஒவ்வொரு முறையும் ஜெயித்தது. நாங்கள் ஓடவில்லை, நடந்தோம். மற்ற அணிகள் சிந்திய தண்ணீர் மொசைக்கில் ஓடி, படியில் வழிந்து, கீழே மிளகாய் மூட்டைக்காரர் கத்துகிற வரைக்கும் போனது. அக்கா தன் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு துணியை எடுத்துத் துடைத்து வாளியில் பிழியப் போனாள்.

"விடுங்க லீடர், விடுங்க. சிந்தினா சிந்தட்டும். தண்ணிதானே" என்றார் ஸார்.

தண்ணிதானே!

அந்த வருஷம் முழுக்க அவர் அதிகம் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றுதான். கோரிக்கை வைக்கும் முறை. "யார்கிட்ட எதைக் கேட்டாலும், ஏற்கெனவே கிடைச்ச உதவிக்கு முதல்ல நன்றி சொல்லுங்க. பொத்தாம்பொதுவா வேண்டாம், பேர் சொல்லி நன்றி சொல்லுங்க. அப்புறம் கேளுங்க. கேட்டவங்க மனசு தானா இளகும்." நாம் கோரஸாகச் சொல்வோம்: முதலில் நன்றி, பிறகு கோரிக்கை.

அக்கா இதை வீட்டில் ஒத்திகை பார்த்தாள். "அப்பா, நேத்துப் பொரி வாங்கிட்டு வந்ததுக்கு நன்றி. இன்னிக்குக் குடிக்காம வர்றீங்களா?" அப்பா வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, "ஏ, இவ மந்திரியாயிருவாடி" என்று அம்மாவிடம் சொன்னார். அன்று குடிக்காமல்தான் வந்தார். அந்த முறை வேலை செய்கிறதென்று அக்கா நம்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பயிற்சியின் கடைசி நிகழ்ச்சி மாதிரி நகரசபைக் கூட்டம். பொங்கலுக்குப் பிறகு நடந்தது. யார் யாருக்கு என்ன வேஷம் என்று ஸார் படித்தார். மேயர், துணை மேயர், கமிஷனர், உறுப்பினர்கள். எல்லாரும் மேடையில், நாற்காலியில். பிறகு, பொதுமக்கள். பொதுமக்கள் கீழே, ஜமக்காளத்தில். நாங்கள் அத்தனை பேரும் பொதுமக்கள். ஸார் வேண்டுமென்று செய்தாரா? இல்லை. மேடையில் புகைப்படம் எடுப்பார்கள், ஷூ இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்திருப்பார். அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. யோசிக்காமலேயே அவருக்கு அது சரியாக வந்தது. கை குலுக்கலில், பேச்சில், கணக்கில் எல்லாரையும்விட முன்னால் நின்ற அக்காவுக்கு வரவேற்புப் பாட்டு. "உங்க குரல் நல்ல குரல் லீடர்" என்றார்.

மேயரே, நீயும் இதைப் படிப்பாய். உன் கழுத்தில் ஜரிகைத் தாள் ஒட்டிய அட்டைப் பதக்கம் தொங்கியது. உன் அப்பா முதல் வரிசையில் இருந்தார். பக்கத்தில் சிறப்பு விருந்தினர்கள்: எங்கள் வார்டு மெம்பர், அப்புறம் தண்ணீர் இலாகா என்ஜினீயர். பேச்செல்லாம் கன்னடத்தில். நான் தமிழில் எழுதுகிறேன்.

பொதுமக்கள் கேட்க வேண்டிய கேள்விகளை ஸாரே எழுதிக் கொடுத்திருந்தார். பூங்காவுக்கு மரக்கன்று, தெருவுக்குக் குப்பைத் தொட்டி. எனக்கு வந்தது குப்பைத் தொட்டி. ஒப்பித்தேன். நீ மைக்கைப் பிடித்து, "ஆவன செய்யப்படும்" என்றாய். கைதட்டல்.

அப்போது அக்கா கையைத் தூக்கினாள். கை தூக்கியவரைப் பேச விட வேண்டும் என்பது நம் பயிற்சியின் விதி. ஸார் தலையாட்டினார். நீ உன் தாளைப் பார்த்தாய். அதில் அப்படியொரு கேள்வி இல்லை. உன் அப்பாவைப் பார்த்தாய்.

அக்கா எழுந்து நின்றாள். சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு எழுத்துப் பிசகாமல், முதலில் நன்றி சொன்னாள். "எங்கள் காலனிக்குப் பத்து மணிக்குத் தண்ணீர் வருகிறது. பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக விடியற்காலையில் தண்ணீர் திறந்துவிடும் எங்கள் வால்வ்மேனுக்கு முதலில் நன்றி." அவர் பெயரையும் சொன்னாள். பெயர் சொல்லி நன்றி சொல்ல வேண்டுமல்லவா? பிறகு கேட்டாள்: "அதே தண்ணீர் வருஷம் முழுக்க அதே நேரத்துக்கு வந்தால், ஆறாவது ஏழாவது படிக்கிற தங்கச்சிகளும் பள்ளிக்கூடம் போவார்கள். நேரத்தை மாற்றித் தர முடியுமா?"

என்ஜினீயர் முன்னால் சாய்ந்து, ரொம்ப அன்பாகக் கேட்டார்: "எந்த வால்வ்மேன்னு சொன்னேம்மா?"

அக்கா இன்னொரு முறை, இன்னும் தெளிவாக, பெயரைச் சொன்னாள்.

நீ மைக்கைப் பிடித்தாய். "ஆவன செய்யப்படும்" என்றாய். வார்டு மெம்பர் தொடையில் தட்டிச் சிரித்தார். "அய்யோ, நான் சொல்ற மாதிரியே சொல்றானே இவன்! வருங்கால மேயர் ரெடி!" மண்டபமே சிரித்தது. சிறந்த தலைவர் கோப்பை உனக்கு வந்தது. பொதுமக்களுக்குக் காராபாத் உப்புமாவும் வாழைப்பழமும்.

வீட்டில் அக்கா சொன்னதைக் கேட்டு அம்மா அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை. "அத மேடையில சொல்லோணுமா சாமி? அது ஊருக்கே தெரியும். ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க" என்றாள். அக்காவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. நல்லதைத்தானே சொன்னாள்?

அந்த வாரத்திலேயே ஒரு நாள் வால்வ்மேன் வந்தார். பாரில் இரும்புச் சாவி இல்லை. உத்தரவில்லாமல் திறந்ததற்கு விசாரணை, அதுவரை இவரைப் பம்ப் ஹவுஸ் காவலுக்குப் போட்டுவிட்டார்களாம். அம்மா டீ கொண்டுவந்தாள். "பேடம்மா" என்று, வேண்டாமெனக் கையை ஆட்டினார். குடத்தோடு நின்ற அக்காவைப் பார்த்து, "சென்னாகி மாத்தாடிதியந்தெ, மகளே" என்றார். நன்றாகப் பேசினாயாமே என்று. கேலியாகச் சொல்லவில்லை. கேலியாகச் சொல்லியிருக்கலாம். அக்கா குடத்தை வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

புது வால்வ்மேன் இளவட்டம். கையில் வாட்ச். பத்து என்றால் பத்து. குழாயடியில் அக்காவுக்கு மரியாதை போய்விட்டது. "ஏ லீடரம்மா, உம்பட மேயர்கிட்டச் சொல்லி ஒரு டேங்கர் அனுப்பச் சொல்லு." "தள்ளுங்கடி, நன்றி சொல்றவ வர்றா." பெரியவர்கள் பேசினதைச் சின்னப் பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். வேறு வீட்டுப் பெண்கள் ஒரு குடம் பிடித்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்து, போய்விட்டது. அவர்களுக்கு இருந்த ஒரே சலுகையும் ஒரு மேடைப் பேச்சில் போயிருந்தது.

பரீட்சைக்கு முந்திய அந்த வாரங்களில் காலை நேரத்தில்தான் கணக்கு வகுப்பு. அக்கா ஈரப் பாவாடையோடு ஓடிப்போய் வகுப்பு வாசலில் நிற்பாள். சில நாள் உள்ளே விடுவார்கள், பல நாள் விடமாட்டார்கள்.

பயிற்சி ஸார் ஒரு நாள் ஸ்கூட்டரில் எங்கள் காலனிக்கு வந்தார். அதுதான் முதல் தடவை. எங்களை வைத்து ஒரு வருஷம் 'சமூகப் பிரச்சினைகள்' நடத்தியவர், எங்கள் சமூகத்தை அன்றுதான் பார்த்தார். குழாயடியில் சண்டை உச்சத்தில் இருந்தது. வேலை கிடைக்காமல் திரும்பியிருந்த அம்மா, அக்காவைப் பள்ளிக்கு விரட்டிவிட்டு வரிசையில் நின்றாள்.

"தினமும் இப்படித்தானாம்மா?"

"ஆமாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் எழுதிக் கொடுத்த கேள்வியோட நின்னிருக்கலாம். பொண்ணு கெட்டிக்காரி. கொஞ்சம் அவசரப்பட்டுட்டா. இன்னும் கொஞ்சம் பக்குவம் வரணும்."

அம்மா இடுப்பிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள். "ஏனுங்க ஸார், உங்கூட்டுல எத்தன மணிக்குங்க தண்ணி வருது?"

ஸார் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "தெரியலம்மா. திறந்தா வரும்."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. "அப்ப நன்றி சொன்னா உங்களுக்கு ஒண்ணும் போகாதுங்க" என்றாள்.

அவர் ஸ்கூட்டரை உதைத்தார். அது உடனே கிளம்பவில்லை. அவர் உதைத்துக்கொண்டே இருந்ததும், யாரும் தள்ளிவிடப் போகாததும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அம்மா எழுத்தறியாதவள். ஆனால் அவள் சொன்னது எனக்கு விளங்க இத்தனை வருஷமும் ஒரு டிகிரியும் தேவைப்பட்டன. உரிமையாகத் தண்ணீர் வருகிற வீட்டுப் பிள்ளை மேடையேறி நன்றி சொன்னால் அது மரியாதை. ஓர் ஏழை இன்னோர் ஏழைக்குக் காதும் காதும் வைத்தாற்போல் செய்ததை மேடையேறிச் சொன்னால் அது காட்டிக்கொடுப்பது. இந்த வித்தியாசம் நமக்குப் பாடம் நடத்தியவர்களுக்கே தெரியாது. தெரியாதவர்கள் எதற்காக எங்களைக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தீர்கள்? எங்களுக்கு நீங்கள் ஒரே ஒரு தலைமைப் பாடம்தான் எடுத்தீர்கள்: ஜமக்காளத்தில் அழகாக உட்காருவது. அக்கா அதைக் கற்றுக்கொள்ளவில்லை.

கணக்கில் அவள் தவறிவிட்டாள். "மறுபடி எழுதறேன்" என்றாள். அப்பா வேண்டாமென்று சொல்லவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அடுத்த வருஷமும் தண்ணீர் பத்து மணிக்குத்தான் வந்தது. ஊதுபத்தி உருட்டும் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். வேலையை வீட்டுக்கே கொண்டுவந்து செய்யலாம், பத்து மணிக்கு எழுந்து போகலாம்.

எங்கள் வீட்டில் முதலில் படித்து முடித்தவன் நான். மலர்க் குழு என்னை 'நம் பயிற்சியின் பெருமை' என்று போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். எடுத்துவிடுங்கள். நான் பள்ளிக்கு ஒரு நாள்கூடத் தாமதமாகப் போகாததற்குக் காரணம் நெஞ்சில் கை வைத்துச் சொன்ன உறுதிமொழி இல்லை. குழாயடியில் ஒருத்தி நின்றாள்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பயிற்சி தோற்றது என்று யாரும் சொல்ல முடியாது. மேயரே, நீ இப்போது நிஜமாகவே கவுன்சிலர். அதுவும் எங்கள் வார்டுக்கு. ஓட்டுக் கேட்டு வந்தபோது எங்கள் தெருவில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாய், நன்றாக இருந்தது. நடுவில் யாரோ ஒரு போர்வெல் போட்டார்கள், இரண்டு கோடையில் வற்றியது. குழாய் அதே குழாய். நேரம் அதே நேரம். போன மாதம் உன் ஆபீசுக்கு நானே வந்து சொன்னேன். முகம் மாறாமல் கேட்டாய். என்ன சொன்னாய் என்று உனக்கே தெரியும். அதை உனக்கு எங்கே சொல்லிக்கொடுத்தார்களோ, அந்த இடத்துக்குத்தான் இப்போது விழா எடுக்கிறோம்.

அக்காவின் மகள் ஆறாவது படிக்கிறாள். நெயில் பாலிஷால் குடத்தில் பெயர் எழுதியிருக்கிறாள். எழுத்து குண்டு குண்டாக இருக்கிறது.

மலர்க் குழு போனை வைப்பதற்கு முன் இன்னொன்றும் கேட்டது. "உங்க அக்கா குரல் அருமையா இருக்குமே. அதே வரவேற்புப் பாட்டை விழாவில பாடச் சொல்லுங்க. கவுன்சிலர் ஸாரே ஆசைப்படறார்."

பேருந்திலிருந்து இறங்கி நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். கறுப்பு மாவை மணையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். கை மணிக்கட்டு வரை கறுப்பு. விஷயத்தைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் இந்தக் கட்டுரையை அத்தோடு முடித்திருப்பேன்.

"கேள்வி நேரம் வெச்சிருக்காங்களா?" என்றாள்.

"தெரியலக்கா."

"இல்லாட்டி வெக்கச் சொல்லு. வர்றேன். பாட்டு வேண்டாம்."

ஒரு குச்சியை உருட்டி முடித்து, காய்கிற வரிசையில் வைத்தாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதையும் சேர்த்து எழுதிரு. இந்தத் தடவ மொதல்ல நன்றி சொல்ல மாட்டேன்."